மூடியைக் கழற்ற யாரிடம் அனுமதி கேட்கிறோம்?

எங்கட பீடத்தில் ஒருத்தியின் லப்டொப் மெதுவாகிவிட்டால் அவளுக்கு மூன்று ஆலோசனைகள் கிடைக்கும். "ஆரும் பெடியளிட்ட குடுத்துப் பார்." "கடையில குடு." "இனி உதோட மாரடிக்கேலாது, புதுசு ஒண்டு வாங்கு." நான்காவதாக ஒன்றும் இருக்கிறது: "நீயே கழட்டிப் பார்." அதை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் பகிடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கட்டுரை அந்த நான்காவது ஆலோசனைக்காக எழுதப்படுகிறது. ஒரு லப்டொப்பின் ரேமையும் ஹார்ட் டிஸ்கையும் மாற்றுவதற்குத் தேவையான திறமை மிகச் சிறியது. அதைச் செய்யவிடாமல் எங்களைத் தடுப்பது 'இது எனக்குரிய வேலை இல்லை' என்ற எண்ணம். அந்த எண்ணம் தானாக வந்தது இல்லை. பாடசாலையும் வீடும் கடையும் கம்பனியும் சேர்ந்து எங்களுக்குப் பழக்கியது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மூடியைக் கழற்ற நாங்கள் யாரிடமோ அனுமதி எதிர்பார்த்து நிற்கிறோம். அதைத்தான் கேள்வி கேட்க விரும்புகிறேன்.

எங்கள் கையில் இருப்பது

கொரோனாக் காலத்தில் வகுப்புகள் சூமுக்குப் போனபோதுதான் கனபேரின் வீட்டுக்கு முதல் லப்டொப் வந்தது. நகையை அடகு வைத்து, சீட்டுக் காசை எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற மாமாவிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கியவை அவை. இன்னும் சிலருக்கு அண்ணாவோ அக்காவோ பாவித்துக் களைத்துப்போய்த் தந்தது. பிறகு 2022 வந்தது. மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. இறக்குமதிப் பொருளான லப்டொப்பின் விலையும் அதோடு சேர்ந்து ஏறியது. இன்றைக்கு ஒரு கலைப்பீட மாணவியிடம் "புதுசு வாங்கு" என்று சொல்வது ஆலோசனையே இல்லை. அது கதையை முடித்துவிட்டு எழும்பிப் போவதற்கான ஒரு வழி.

ஆக, எங்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் ஐந்து, ஏழு, பத்து வருடப் பழசு. 4 ஜிபி ரேம், உள்ளே சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். திறந்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்தாலும் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆய்வுக் கட்டுரையின் இரண்டாவது அத்தியாயத்தைத் திறந்தால் பிரவுசர் நின்றுவிடும், பிரவுசரைத் திறந்தால் சூம் நின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டு "லப்டொப் செத்துப் போச்சு" என்கிறோம். அது சாகவில்லை. உள்ளே இரண்டு பாகங்கள்தான் போதாமல் இருக்கின்றன.

ஏன் மெதுவாகிறது?

பழைய லப்டொப்புகளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குள் உண்மையாகவே ஒரு தட்டு சுற்றுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு 90. அதற்கு மேலே ஒரு மெல்லிய கை நகர்ந்து நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருந்து வாசிக்கிறது. ஒரு பெரிய கோப்பை வரிசையாக வாசிக்கும்போது பெரிய பிரச்சினை தெரியாது. ஆனால் விண்டோஸ் திறக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை எடுக்க வேண்டும். அந்தக் கையால் விநாடிக்கு நூறு துண்டைக்கூட ஒழுங்காக எடுக்க ஏலாது. நூலகத்தில் ஒரே நேரத்தில் பத்துப் புத்தகம் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாடியேறி இறங்கும் ஊழியரைப் போல.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டும் இல்லை, நகர்கிற கையும் இல்லை. எல்லாம் சில்லில் இருக்கிறது. அது அதே மாதிரித் துண்டுகளை விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் எடுக்கும். அதனால்தான் வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் மாற்றினாலே, அதே பழைய லப்டொப் வேறொரு மெஷின் மாதிரி நடக்கும்.

ரேம் என்பது படிக்கிற மேசை. மேசை சின்னன் என்றால் ஒரு புத்தகத்தை விரிக்க இன்னொன்றை எடுத்து வைக்க வேண்டும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. டிஸ்கே மெதுவென்றால் அடி இரட்டிப்பு. 4 ஜிபி ரேமும் சுற்றுகிற டிஸ்கும் ஒன்றையொன்று இழுத்து விழுத்துகின்றன. இரண்டையும் மாற்ற ஆகிற செலவு புதிய லப்டொப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான். இரண்டுக்கும் காசில்லை என்றால் முதலில் எஸ்.எஸ்.டி.யை மாற்றலாம்.

கழற்றுவது எவ்வளவு பெரிய வேலை?

எங்கள் விடுதி அறையில் இதுவரை ஐந்து லப்டொப்புகளைத் திறந்திருக்கிறோம். திறந்தவர்கள் எல்லாரும் தமிழ், புவியியல், சமூகவியல் படிக்கிறவர்கள். அந்த அனுபவத்தை வைத்து, உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில், கழற்ற முன்னரே வாசிக்க வேண்டும். லெனோவோ, டெல், எச்பி போன்ற கம்பனிகள் தங்கள் பல மொடல்களுக்கான திருத்தக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. எந்த ஸ்குரூ எங்கே, எதற்குப் பிறகு எது என்று படத்தோடு இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடினால் போதும். வாசித்து விளங்கிக்கொள்வது எங்கட தொழில். நாங்கள் இந்த இடத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

அந்தக் கையேட்டில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ரேம் கழற்றக்கூடியதா, மதர்போட்டோடு பற்றவைத்ததா. கழற்றக்கூடியது என்றால் டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா. ஒன்றின் வெட்டு மற்றதின் இடத்தில் பொருந்தாது, பலவந்தமாக அழுத்தினால் முறியும். மூன்றாவது, டிஸ்க் எந்த வடிவம். பழையவற்றில் இரண்டரை அங்குலப் பெட்டி வடிவம். கொஞ்சம் புதியவற்றில் சூயிங்கம் துண்டு மாதிரி எம்.2 பலகைக்கும் இடம் இருக்கும். அந்தப் பலகைகளிலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு சாதி உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா லப்டொப்பும் இரண்டையும் ஏற்காது. கடைக்குப் போய் "எஸ்.எஸ்.டி. ஒண்டு தாங்கோ" என்று மட்டும் கேட்டால் பிழையானதோடு திரும்பி வர நேரும்.

அடுத்தது, உள்ளே இருக்கிற வேலைகளை வெளியில் ஒரு பிரதி எடுப்பது. இதைத் தவிர்த்துவிட்டு ஸ்குரூட்ரைவரைத் தொடவே கூடாது.

பிறகுதான் கழற்றல். முழுக்க நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, வெளியே எடுக்கக்கூடிய பற்றரி என்றால் எடுத்து வைக்க வேண்டும். சிறிய பிலிப்ஸ் தலை ஸ்குரூட்ரைவர் ஒன்று, காந்தம் ஏறியதாக இருந்தால் நல்லம். ஒரு வெள்ளைத் தாளில் லப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கீறி, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்குரூவையும் அதே இடத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஏனென்றால் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்குரூவின் இடத்தில் நீட்டு ஸ்குரூவை முறுக்கினால் அது உள்ளே போய் மதர்போட்டைக் குத்தும். சில ஸ்குரூக்கள் றப்பர் கால்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும். எல்லாம் கழற்றியும் மூடி வராவிட்டால் இழுக்கக் கூடாது, இன்னும் ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

மூடியை பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். பழைய வங்கி அட்டை ஒன்றை விளிம்பில் மெல்ல ஓட்டினால் 'டக், டக்' என்று விடும். முதல் சத்தத்தில் நெஞ்சு ஒருக்கால் நிற்கும். அது முறிகிற சத்தம் இல்லை, கொக்கி விடுகிற சத்தம்.

திறந்ததும் முதல் வேலை, பற்றரி உள்ளேயே இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உடம்பில் இருக்கும் நிலைமின்னும் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், நிலத்தோடு தொடர்பான ஏதாவது உலோகத்தை ஒருக்கால் தொட்டுக்கொள்ள வேண்டும். ரேமின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விரலால் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து எழும்பும். புதியதைச் சாய்வாகச் செருகி, கீழே அமத்தினால் கொக்கி பூட்டிக்கொள்ளும். டிஸ்க் மூன்று நான்கு ஸ்குரூவில் நிற்கும். அவ்வளவுதான். ஃபேனில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும் தூசியையும் இந்தச் சாட்டில் ஒரு மெல்லிய தூரிகையால் எடுத்துவிடலாம். எங்கட வெக்கைக்கும் புழுதிக்கும் இது ஒன்றே பாதி வைத்தியம்.

முதல் முறை எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஐந்தாவது முறை நாற்பது நிமிடம்.

தையல் மெஷினும் லப்டொப்பும்

இவ்வளவுதான் வேலை என்றால், ஏன் எங்கட பெட்டையள் கை வைப்பதில்லை?

எங்கள் அம்மாமாரை யோசித்துப் பாருங்கள். தையல் மெஷின் இறுகினால் அவர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. சின்ன ஸ்குரூட்ரைவரை எடுத்து, ஊசிக்குக் கீழ்த் தகட்டைக் கழற்றி, பொபின் கேசை வெளியே எடுத்து, நூல் துகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டிவிடுவார்கள். பெல்ட் அறுந்தாலும் அவர்களே மாற்றுவார்கள். எத்தனை ஸ்குரூ, எந்த வரிசை என்பதெல்லாம் விரலில் இருக்கிறது. ஒரு மனுசியும் அதைத் 'தொழில்நுட்ப அறிவு' என்று சொல்லிக்கொண்டதில்லை. வீட்டில் வேறு யாரும் சொன்னதுமில்லை. அதே அம்மா லப்டொப்பைக் கண்டால் "அதில கை வையாதை பிள்ளை, பழுதாக்கிப் போடுவாய்" என்கிறார்.

இரண்டும் மெஷின்தான். ஒன்றைப் பெண்களின் பொருள் என்று வைத்ததால் அதைக் கழற்றுவது வெறும் வீட்டுவேலை. மற்றதை ஆண்களின் பொருள் என்று வைத்ததால் அதைக் கழற்றுவது அறிவு. எது திறமை என்று பெயர் வாங்குகிறது, எது வாங்குவதில்லை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை விரிவுரை மண்டபத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். மேசையில் கிடக்கிற லப்டொப்பிடம் மட்டும் கேட்பதில்லை.

பாடசாலையும் இதில் பங்காளி. சாதாரண தரம் முடிந்ததும் எங்களைப் பிரிக்கிறார்கள். கணிதப் பிரிவுக்குப் போனவன் ஸ்குரூவைக் கண்டே இராவிட்டாலும் அவனுக்கு 'டெக்னிக்கல்' தெரியும் என்று ஊர் நம்பும். கலைப் பிரிவுக்கு வந்தவள் தன் சைக்கிளுக்குத் தானே செயின் பூட்டினாலும் அவளுக்குத் தெரியாது என்றுதான் நம்பும். கொஞ்சக் காலத்தில் அவளும் அதை நம்பத் தொடங்கிவிடுவாள்.

கடையில் கொடுத்தால் என்ன?

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: தெரிந்த ஆள் கடையில் இருக்கும்போது ஏன் இவ்வளவு பாடு?

முதல் காரணம், என்ன பழுது என்று தெரியாமல் போகிறவரிடம் எதையும் சொல்லலாம். என் அறைத்தோழியின் லப்டொப் ஒருநாள் கறுப்புத் திரையோடு நின்றது. கொண்டுபோன கடையில், கீபோட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு "தங்கச்சி, போர்ட் போயிட்டுது, செய்யிறதிலும் பார்க்க வேற எடுக்கிறது நல்லம்" என்றார்கள். அறைக்குக் கொண்டுவந்து திறந்து, ரேமை வெளியே எடுத்து, அதன் பொன்நிற முனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் போட்டோம். திரை வந்தது. அவள் அதில்தான் இன்றைக்கும் அசைன்மென்ட் அடிக்கிறாள். எல்லாக் கறுப்புத் திரையும் இப்படித் தீராது. ஆனால் ரேமைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பது எந்தத் திருத்துனரும் முதலில் செய்கிற சோதனை. அதைச் செய்து பார்த்துவிட்டுப் போகிறவளிடம் யாரும் சும்மா கதை விட ஏலாது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. கடையில் லப்டொப்பைக் கொடுக்கும்போது பாஸ்வேர்டையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறோம். அதோடு எங்கள் படங்கள், திறந்தே கிடக்கும் மின்னஞ்சல், எல்லாம் இரண்டு நாளைக்கு வேறொருவர் கையில். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நடப்பதையெல்லாம் இரகசியமாகப் பதிவு செய்யும் லப்டொப்புகளைத் திருத்தக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். சில இடங்களில் திருத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் படங்களையும் கோப்புகளையும் திறந்து பார்த்திருந்தார்கள், இரண்டு இடங்களில் பிரதியும் எடுத்திருந்தார்கள். பெண்களுடையவை என்று தெரிந்த லப்டொப்புகள்தான் கூடுதலாகத் துருவப்பட்டிருந்தன.

எங்கட ஊரில் ஒரு படம் வெளியில் போனால் அதன் விலை என்ன என்பதை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. படம் எடுத்தவனைக் கேட்கமாட்டார்கள். "இதுகள் ஏன் உந்தப் படமெல்லாம் வச்சிருக்குதுகள்" என்று பிள்ளையைத்தான் கேட்பார்கள். அந்தப் பயத்தில், திருத்தக்கூடிய லப்டொப்பைத் திருத்தக் கொடுக்காமலே பெட்டிக்குள் வைத்திருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். டிஸ்கைக் கழற்றத் தெரிந்திருந்தால், ஸ்கிரீன் மாற்றவோ கீபோட் மாற்றவோ கொடுக்கும்போது டிஸ்கை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நான்கு ஸ்குரூ. என்னைக் கேட்டால், பெண்கள் லப்டொப் கழற்றப் பழக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே காணும்.

இதைக் கடைக்காரர்களுக்கு எதிரான கதையாக எடுக்க வேண்டாம். நுணுக்குக்கண்ணாடிக்குக் கீழே ஒரு சில்லைக் கழற்றி வேறொன்றைப் பற்றவைக்கிற ஆக்கள் எங்கள் நகரங்களில் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் கிட்டவும் போகமாட்டேன். பற்றரி ஊதிப் பெருத்திருந்தால் குத்திக் கித்திப் பார்க்காமல் அவர்களிடம்தான் போக வேண்டும், அது தீப்பிடிக்கக்கூடியது. வொரண்டி இருக்கிற லப்டொப் என்றால் அதன் நிபந்தனைகளை வாசிக்காமல் திறக்கவும் கூடாது. ஆனால் 'ஸ்டிக்கரைக் கிழித்தால் வொரண்டி போச்சு' என்பதும் கடவுள் வாக்கு இல்லை. அமெரிக்காவில் 2018இல் வர்த்தக ஆணைக்குழு ஆறு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, அப்படியான நிபந்தனை பொதுவாகச் சட்டத்துக்கு முரண் என்று. அந்தச் சட்டம் 1975ஆம் ஆண்டினுடையது.

கம்பனி பூட்டுகிற பூட்டு

பயத்தை நாங்களே விடலாம். ஆனால் கம்பனி பற்றவைத்ததை நாங்கள் நினைத்துக் கழற்ற ஏலாது.

2012இல் ஆப்பிள் வெளியிட்ட ரெட்டினா திரை மக்புக் புரோவில் ரேம் மதர்போட்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, பற்றரி உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது, அடி மூடியை ஐந்து இதழ்த் தலை கொண்ட தனிவகை ஸ்குரூக்கள் பிடித்திருந்தன. கருவிகளைக் கழற்றிப் பார்த்துப் புள்ளி போடும் ஐஃபிக்சிற் அதற்குப் பத்துக்கு ஒரு புள்ளிதான் கொடுத்தது. அன்றைக்கு அது விலைகூடிய லப்டொப்பின் குணம். இன்றைக்கு எங்கட கடைகளில் 'ஸ்லிம்' என்று விற்கப்படுகிற மலிவான மொடல்கள் பலவற்றிலும் ரேம் பற்றவைத்ததுதான்.

கம்பனிகளிடம் நியாயமான காரணமும் உண்டு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒருவகை ரேமை மதர்போட்டில் புரொசசருக்கு மிகக் கிட்டப் பற்றவைத்தால் வேகம் கிடைக்கிறது, லப்டொப்பும் மெல்லியதாகிறது. சரி. ஆனால் பற்றரியைப் பசை போட்டு ஒட்டுவதற்கும், யாரிடமும் கருவி இல்லாத ஸ்குரூவைப் போடுவதற்கும் அந்தக் காரணம் பொருந்தாது. 2021 முதல் விற்கப்படுகிற ஃபிரேம்வேர்க் லப்டொப்பில் ரேம், டிஸ்க், பற்றரி, ஸ்கிரீன், மதர்போட் எல்லாவற்றையும் வாங்கியவரே மாற்றலாம். அதுவும் மெல்லியதுதான். ஆகவே இது முடியாமை இல்லை, விருப்பமின்மை.

மென்பொருளும் இப்படி ஒரு பூட்டுப் போடும். 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போட்டு நன்றாக ஓடுகிற ஆறாம் தலைமுறை லப்டொப் ஒரு நாளில் 'காலாவதி' ஆகிவிட்டது. அதில் லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும், தமிழிலும் தட்டலாம். அதையும் யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

வேறு நாடுகளில் சட்டம் அசையத் தொடங்கியிருக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து லப்டொப் உட்படச் சில பொருட்களுக்கு, எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்று பத்துக்குப் புள்ளி போட்டு விலைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கப் பொருட்களின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியவாறு செய்ய வேண்டும். இந்தியா 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. எங்களிடம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் எந்தக் கடையிலும் 'இதன் ரேமை மாற்றலாம், இதன் ரேமை மாற்றேலாது' என்று எழுதி ஒட்டிய ஒரு லப்டொப்பை நான் கண்டதில்லை. இலட்சக்கணக்கில் காசு கொடுக்கிறவருக்கு அந்த ஒரு வரியாவது சொல்லப்பட வேண்டாமா?

பொருளாதாரத் தடைக் கதை

இதையெல்லாம் வீட்டில் கதைத்தால் பெரியாக்கள் தொண்ணூறுகளுக்குப் போய்விடுவார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது, ஜாம் போத்தலில் விளக்குச் செய்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது. "நாங்கள் ஒண்டையும் எறியேல்லை. உங்கட தலைமுறைதான் எல்லாத்தையும் எறியுது" என்று முடிப்பார்கள்.

அந்தக் கதைகளில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதை வைத்து எங்களுக்குப் புத்தி சொல்வதை ஏற்க மாட்டேன். அவர்கள் திருத்தியது வேறு வழி இல்லாததால். பற்றரிகூட வடக்குக்குள் வரவிடாத காலத்தில் டைனமோவைச் சுற்றியது ஒரு தெரிவு இல்லை, திணிக்கப்பட்டது. அதனால்தானோ என்னவோ, தடை நீங்கி, பாதை திறந்து, கைக்குக் கொஞ்சம் காசு வந்தபோது 'திருத்தின சாமான்' என்றாலே எங்கட வீடுகளில் ஒரு முகச்சுளிப்பு வந்தது. புதுசு வாங்குவது பழைய வறுமையிலிருந்து தப்பியதற்கு அடையாளம் ஆகிவிட்டது.

நான் கேட்பது அந்தப் பழைய திருத்தலை இல்லை. காசு இல்லாதவர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற சமாளிப்பும் இல்லை. காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பொருளை நான் திறக்கலாம், அதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும், கையேடு கிடைக்கும், திறந்ததற்காக யாரும் என்னைத் தண்டிக்கமாட்டார்கள் என்கிற நிலையைத்தான் கேட்கிறேன். அன்றைக்குத் திருத்தும்படி கட்டாயப்படுத்தினார்கள். இன்றைக்கு எறியும்படி கட்டாயப்படுத்துகிறார்கள். இரண்டிலும் முடிவெடுக்கிறது நாங்கள் இல்லை.

எறிந்தவை எங்கேயும் மறைந்து போவதுமில்லை. ஐ.நா.வின் கணக்குப்படி 2022இல் உலகம் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம்தான்.

என்ன செய்யலாம்?

லப்டொப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தையும் மெல்லிசையும் பார்க்க முன்னர் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ரேம் கழற்றலாமா? இன்னொரு ரேம் போட இடம் இருக்கா? பற்றரி மாற்ற வேண்டி வந்தால் இங்கே கிடைக்குமா? அவருக்குப் பதில் தெரியாவிட்டால் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து கையேட்டைப் பாருங்கள். பழைய, கனமான அலுவலக லப்டொப் ஒன்று பலநேரம் புதிய மெல்லிய லப்டொப்பைவிடக் கூடக் காலம் உழைக்கும்.

மாணவர் ஒன்றியங்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் புதுமுக மாணவருக்கு வரவேற்பு, விழா, மலர் என்று காசு சேர்க்கிறோம். அதில் ஒரு துளியில் ஸ்குரூட்ரைவர் பெட்டி ஒன்றும், டிஸ்கை வெளியிலிருந்து இணைக்கும் யூஎஸ்பி கேபிள் ஒன்றும், தூரிகை இரண்டும் வாங்கி ஒன்றிய அறையில் வைக்கலாம். மாதத்தில் ஒரு பின்னேரம், தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: லப்டொப்பின் சொந்தக்காரிதான் ஸ்குரூவைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் வாயால் மட்டும் சொல்லலாம். கை வைக்கக் கூடாது. "விடு, நான் செய்து தாறன்" என்று ஒரு அண்ணா ஸ்குரூட்ரைவரை வாங்கிவிட்டால் பழையபடி முதலாவது ஆலோசனைக்கே போய்விடுவோம்.

எங்கள் அறையில் இருக்கிற ஸ்குரூட்ரைவர் பெட்டி இந்த வாரம் மூன்றாம் மாடிக்குப் போயிருக்கிறது. கேட்டு வந்தவள் முதலாம் வருடம், சமஸ்கிருதம் படிக்கிறாள். கையேட்டைப் போனில் இறக்கிக்கொண்டுதான் வந்தாள்.